ஞாயிற்றுக்கிழமை முறை

செய்தி வந்தபோது மணி எட்டு ஐம்பத்திரண்டு. சுயம்புலிங்கம் அதை இரண்டு தடவை படித்தார். மதியம் இரண்டு மணி ஷிப்டுக்கு ஓர் ஆள் குறைகிறது, பத்து மணிக்குள் பெயர் சொல்லவும் என்று துறைமுகக் கட்டுப்பாட்டு அறையிலிருந்து பிரிவின் வாட்ஸாப் குழுவில் போட்டிருந்தார்கள். கப்பலைக் கரையோடு சேர்த்துக் கயிறு கட்டுகிற பிரிவில் மொத்தம் பதினான்கு பேர். ஒருவன் விடுப்புப் போட்டால் அந்த இடத்தில் ஓ.டி. பார்க்க வரிசைப்படி அடுத்தவனைக் கூப்பிட வேண்டும்; கூப்பிடுகிற பொறுப்பும் முறை எழுதுகிற நோட்டும் ஒன்பது வருஷமாக அவர் கையில். நோட்டைப் பார்க்கத் தேவையில்லை, வரிசை மனப்பாடம், ஆனாலும் எடுத்துப் பார்த்தார். பெர்க்மான்ஸ். அந்தப் பெயர்தான் இருக்கும் என்று வியாழக்கிழமையே தெரியும். வியாழன் முறை கொம்பையாவுக்குப் போனபோதே, அடுத்தது ஞாயிறாக இருந்துவிடக் கூடாதே என்று ஓர் எண்ணமும், ஞாயிறாக இருந்தால்தான் என்ன என்று அதற்கு அடியில் இன்னோர் எண்ணமும் ஓடின. அடியில் ஓடியதுதான் பழசு, ஒன்பது வருஷம் அவரோடு குடியிருந்தது. போனைக் கையில் எடுத்தார். எண்ணைத் தொட்டால் போதும். இரண்டு தெரு தள்ளி மாதா கோயில் ஒலிபெருக்கியில் ஒரு பெண்பிள்ளை நிறுத்தி நிறுத்தி வாசகம் படித்துக்கொண்டிருந்தாள். இரண்டாம் பூசை எட்டரைக்கு ஆரம்பித்தாயிற்று. கோயில் வாசலில் செருப்பை விடும்போதே பெர்க்மான்ஸ் போனை அணைத்துவிடுவான். அணைத்துவிடுவான் என்பது சுயம்புலிங்கத்துக்குத் தெரியும். போனை மேசைமேல் கவிழ்த்து வைத்தார். எட்டு ஐம்பத்தைந்து. இந்நேரம் முதல் தடவை அடித்திருப்பார், நோட்டில் நேரமும் எழுதியிருப்பார், ஒன்பது வருஷத்தில் செய்தி வந்து ஐந்து நிமிஷத்துக்குமேல் அவர் தாமதித்ததே இல்லை, அதைச் சொல்லித்தான் பிரிவில் எல்லோரும் அவரை மெச்சுவார்கள். அடிக்காமல் உட்கார்ந்திருப்பது, அவிழ்ந்த வேட்டியோடு தெருவில் நிற்பதுபோல் இருந்தது.

வாசகம் முடிந்து சாமியார் பிரசங்கத்தை ஆரம்பித்தார். சின்னச் சாமியார் என்றால் பத்து நிமிஷம், பெரியவர் என்றால் பதினெட்டு. இன்றைக்குப் பெரியவர். மாதா கோயிலுக்குள் ஒரு கல்யாணத்துக்கும் இரண்டு திருவிழாவுக்கும் போனதோடு சரி, ஆனால் இரண்டாம் பூசையின் போக்கு அவருக்கு அத்துப்படி. பிரசங்கத்துக்குப் பிறகு மன்றாட்டு, பிறகு காணிக்கைப் பாட்டு, பிறகு மணி மூன்று தடவை ஒலிக்கும், சனங்கள் ஒருவருக்கொருவர் கும்பிட்டுக்கொள்கிற சலசலப்பு, வரிசையில் போய் நன்மை அப்பம் வாங்குகிற நீளப் பாட்டு, அறிவிப்புகள், கடைசிப் பாட்டு. கடைசிப் பாட்டு ஒன்பது முப்பத்தைந்துக்கு முன்னால் முடிந்ததில்லை. இவ்வளவையும் எதற்காகக் காது படித்து வைத்தது? வீட்டுக்காரன் எப்போது தூங்குவான் என்று திருட வருகிறவன் தெரிந்து வைத்திருப்பதுபோல என்று நினைப்பு வந்ததும் எழுந்துபோய் மின்விசிறியை ஒரு புள்ளி கூட்டி வைத்தார். முதல் தடவை தற்செயல்தான். சத்தியமாகத் தற்செயல். பங்குனி மாதம், எட்டு ஐம்பத்தேழு, ஒன்பது இரண்டு, ஒன்பது ஏழு. மூன்று தடவை ஐந்து நிமிஷ இடைவெளியில் அடிக்க வேண்டும், எடுக்காவிட்டால், அல்லது வேண்டாம் என்றால், முறை போயிற்று, அவன் பெயர் வரிசையின் கடைசிக்கு இறங்கும், அப்படி அவன் கைவிட்டுப்போன முறை நோட்டு எழுதுகிறவனுக்கு. அது அவர் போட்ட சட்டம் இல்லை. நோட்டு எழுதினால் போன் காசும் ஏச்சும்தான் மிச்சம் என்று எல்லோரும் ஒதுங்கிய காலத்தில் பிரிவு கூடிப் பேசிச் செய்த ஏற்பாடு. எட்டாவது வரை படித்தவர், அதிகம் பேசாதவர், கணக்குத் தப்பாதவர் என்று அவரிடம் கொடுத்தார்கள். ஞாயிற்றுக்கிழமை ஓ.டி.க்கு இரட்டைச் சம்பளம், மேலே ஒரு மாற்று விடுப்பு. முதல் தடவை, பாவம் பெர்க்மான்ஸ், என்றுதான் நினைத்தார். இரண்டாம் தடவையும் அப்படித்தான். மூன்றாம் தடவை விரல் எண்ணைத் தொடும்போதே அவன் எடுக்க மாட்டான் என்று தெரிந்திருந்தது. நான்காம் தடவை, எடுத்துவிடுவானோ என்று பயம் வந்தது. அந்தப் பயத்தை அவர் மறக்கவில்லை. அணைத்து வைக்கப்பட்டுள்ளது என்று போனில் அந்தப் பெண்குரல் சொன்னதும் உடம்பு இளகியது. மூன்று தடவையும் ஒழுங்காக அடித்தார், இடைவெளியில் ஒரு நிமிஷம்கூடக் குறைக்கவில்லை. கேட்டால் நோட்டைக் காட்டலாம். யாரும் கேட்கவில்லை.

கேட்கவில்லை என்று சொல்ல முடியாது. பெர்க்மான்ஸ் ஒரு தடவை கேட்டான். மூன்றாம் கப்பல்தளத்துக் குழாயடியில், கயிற்று எண்ணெயைக் கையிலிருந்து உமிக்கரியால் தேய்த்துக்கொண்டிருந்தபோது, முகத்தைப் பார்க்காமல், "அண்ணாச்சி, ஞாயித்துக்கிழமைன்னா கொஞ்சம் பொறுத்து அடிக்க முடியுமா? பத்து மணி வரைக்கும் நேரம் இருக்குல்லா. பூசை முடிஞ்சு வெளிய வந்ததும் எடுத்துருவேன்" என்றான். தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. அந்தக் குழாய் மூடினாலும் சொட்டும். அவர் அதை மூடிக்கொண்டே, "ஒருத்தனுக்குப் பொறுத்தா எல்லாவனும் கேப்பான்யா. செய்தி வந்ததும் அடிக்கணும்னுதான சட்டம்" என்றார். மெதுவாகத்தான் சொன்னார். யாரிடமும் குரல் உயர்த்திப் பேசியவர் இல்லை. "அதுஞ் சரிதான் அண்ணாச்சி" என்று பெர்க்மான்ஸ் கையை லுங்கியில் துடைத்துக்கொண்டான். கோபப்பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஏசியிருந்தால் இவரும் இரண்டு வார்த்தை சொல்லி, அதோடு கணக்கு நேராகியிருக்கும். சரிதான் என்று சொல்லிவிட்டுப் போனான். எப்படிச் சரி? எல்லாவனும் கேட்பான் என்றாரே, எவன் கேட்பான்? பதினான்கு பேரில் இரண்டாம் பூசைக்குப் போகிறவன் அவன் ஒருத்தன்தான். கொம்பையா ஞாயிற்றுக்கிழமை பத்து மணிவரை பாயைவிட்டு எழுந்திருக்க மாட்டான், ஆனால் போன் தலைமாட்டில் கிடக்கும். சட்டம் என்ற சொல் அன்றைக்கு எவ்வளவு லேசாக வாயில் வந்தது. அந்தச் சொல்லை நினைத்தாலே இப்போதும் நாக்கில் உமிக்கரி ஒட்டினதுபோல் இருக்கிறது.

பின்கட்டில் மனைவி தங்கக்கனி மீன் கழுவுகிற வாடை வந்தது. சாளை. முப்பத்து நான்கு வருஷமாக ஞாயிற்றுக்கிழமை மீனை அவள் இந்நேரம்தான் கழுவுகிறாள், பல ஞாயிறுகளில் அந்தக் குழம்பை டிபன் தூக்கில் ஊற்றிக்கொண்டு அவர் கிளம்பிவிடுவார். "ஞாயித்துக்கிழமைன்னா மட்டும் உங்களுக்குன்னு கப்பல் வந்து நிக்கும்" என்று சிரிப்பாள். சிரிப்புத்தான். ஆனால் அந்தச் சிரிப்பின்போது அவர் அவள் முகத்தைப் பார்த்ததில்லை. காலடியில் தரை குளிர்ந்தது. சலவைக்கல். பாய் விரிக்கப் பிடிக்காத தரை, தங்கக்கனி இரண்டு தடவை வழுக்கி விழுந்தாள், ஆனாலும் சலவைக்கல். எல்லாம் ஓ.டி. காசு; எந்தக் கல் எந்த ஞாயிற்றுக் காசு என்று தெரியாது, நல்லவேளை. கயிறு கட்டுவது என்றால் வெளியாட்கள் நாள் முழுக்க இழுக்கிறார்கள் என்று நினைப்பார்கள். கப்பல் வந்தால் நாற்பது நிமிஷம். கப்பலிலிருந்து மெல்லிசுக் கயிற்றை வீசுவான், பிடித்து இழுத்தால் பின்னாலேயே தொடைத் தண்டி வடம் வரும், இரும்புத் தூணில் மாட்டி விலகி நின்றால் வேலை முடிந்தது. வடம் அறுந்து அடித்தால் கால் இரண்டு துண்டு, அதற்குத்தான் சம்பளம் என்று கேட்கிறவர்களிடம் எல்லோரும் சொல்வார்கள், அதுவும் உண்மைதான். ஆனால் கப்பல் வராத ஷிப்டும் உண்டு. எட்டு மணி நேரம் தகரக் கொட்டகையில் படுத்திருந்து கடலைப் பார்த்ததற்கு இரட்டைச் சம்பளம் வாங்கிய ஞாயிறுகளும் உண்டு. அதே தளத்தில் நிலக்கரித் தூசி கூட்டுகிற ஒப்பந்தப் பெண்கள் கொட்டகை நிழலில் தண்ணீர் குடிக்க ஒதுங்கும்போது இவர் புரண்டு சுவர்ப்பக்கம் படுத்துக்கொள்வார். தூக்கம் வராது. துடைப்பத்தின் சத்தம் மட்டும் வரும்.

மன்றாட்டு ஆரம்பித்தது. ஒன்பது பதினாறு. பெரியவர் இரண்டு நிமிஷம் முன்னதாக முடித்துவிட்டார். போன மாதம் பத்திரிகையில் வந்தது எல்லாவற்றையும் வெளியே இழுத்துப் போட்டது. யாரோ தகவல் உரிமைச் சட்டத்தில் மனுப் போட்டு, யார் யார் எவ்வளவு ஓ.டி. வாங்கினார்கள் என்று கேட்டு வாங்கி, கயிறு கட்டுகிறவருக்கு என்ஜினீயரைவிடச் சம்பளம் என்று கொட்டை எழுத்தில் போட்டுவிட்டார்கள். பிரிவில் முதல் பெயர் அவருடையது. அதை அவர் எதிர்பார்க்கவில்லை என்று சொல்ல முடியாது. அச்சில் பார்க்க எதிர்பார்க்கவில்லை. கேண்டீனில் கொம்பையா தாளை விரித்து வைத்துக்கொண்டு, "ஏ, எழுந்து நில்லுங்கலே, முதலாளி வாராரு. அண்ணாச்சி, கலெக்டரு உங்ககிட்டக் கைமாத்து கேட்டு ஆள் விட்டிருக்காராம்லா!" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். பெர்க்மான்ஸும் சிரித்தான். அவன் பெயர் பட்டியலில் பதினான்காவது, அதையும் அவர் பார்த்தார், அவன் விரல் அந்த வரியில் ஒரு கணம் நின்றதையும் பார்த்தார். முதலாவதுக்கும் பதினான்காவதுக்கும் நடுவில் எத்தனை வரி என்று எண்ணினார், பன்னிரண்டு, எண்ணத் தேவையே இல்லாததை எண்ணினார். அடுத்த வாரம் உத்தரவு வந்தது: ஒன்றாம் தேதியிலிருந்து ஓ.டி. கிடையாது, ஆள் குறைந்தால் ஒப்பந்த ஆள். ஒன்றாம் தேதி என்றால் வருகிற புதன். இன்றைய ஞாயிறு கடைசி ஞாயிறு. அவருக்கு ஓய்வுக்கு இன்னும் இரண்டு மாதம், அவருக்கு ஒன்றும் ஆகப்போவதில்லை. பெர்க்மான்ஸுக்குப் பதினொரு வருஷம் மிச்சம் இருக்கிறது. நர்சிங் படிக்கிற மகளுக்குக் கடைசி வருஷக் கட்டணம் கட்ட வேண்டும், கொஞ்சம் குறைகிறது என்று யாரிடமோ அவன் சொல்லிக்கொண்டிருந்தது சனிக்கிழமை காதில் விழுந்தது. யாரிடமோ, இவரிடம் இல்லை. ஒரு ஷிப்டால் அது நிறைந்துவிடாது. நிறையாவிட்டால் என்ன, இந்த ஒன்றாவது அவன் கையில் போகட்டும். இந்த ஒன்றை விட்டால் திருப்பிக் கொடுக்க அவரிடம் வேறு எதுவும் இருக்காது. பணமாகக் கொடுக்கலாமே? என்னவென்று சொல்லிக் கொடுப்பது? மகளுக்கு என்று கொடுத்தால், எதற்கு அண்ணாச்சி என்பான். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லத் தெரிந்திருந்தால் பணமே தேவைப்படாது.

காணிக்கைப் பாட்டு. ஒன்பது இருபத்திரண்டு. போன் அதிர்ந்தது. கொம்பையா பிரிவின் குழுவில் பேசி அனுப்பியிருந்தான்: "அண்ணாச்சி, தூங்கிட்டியளா? இல்ல தூங்குனதையும் ஓ.டி.ல சேத்தாச்சா? முறை யாருக்குன்னு சொல்லுங்க, வீட்டுல பொம்பள கேக்கா." கீழே நாலு பேர் சிரிக்கிற முகம் போட்டிருந்தார்கள். எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்றால் எல்லோருக்கும் இந்த அரை மணி தெரிந்துவிட்டது. இப்போதாவது அடித்துவிடலாமா? அடித்தால் அணைத்து வைத்திருக்கிறது என்று வரும், நோட்டில் எழுதிவிடலாம், ஐந்து நிமிஷம் கழித்து இன்னொன்று, இன்னொன்று, மூன்றும் முடிய ஒன்பது முப்பத்து மூன்று, கடைசிப் பாட்டு முடிவதற்கு இரண்டு நிமிஷம் முன்னால். மனசு இதை எவ்வளவு சுத்தமாகக் கூட்டிக் கழித்துக் கொடுக்கிறது! கேட்காமலே கொடுக்கிறது. அவர் இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்து அதன்மேல் உட்கார்ந்துகொண்டார். சின்ன வயதில் வாத்தியார் அப்படி உட்கார வைப்பார். தங்கக்கனி ஈரக்கையோடு எட்டிப் பார்த்து, "என்னங்க, குளிரா அடிக்கி?" என்றாள். இல்லை என்று தலையாட்டினார். "இன்னைக்கும் உண்டா?" "தெரியலை." "உங்களுக்குத் தெரியாம யாருக்குத் தெரியும்" என்று அவள் உள்ளே போய்விட்டாள். மணி மூன்று தடவை ஒலித்தது. சலசலப்பு. நன்மைப் பாட்டு ஆரம்பித்தது, வரிசையில் கைகூப்பி நகர்கிற பெர்க்மான்ஸை நினைத்தார், வெள்ளைச் சட்டை, சட்டைப் பையில் செத்துக் கிடக்கிற போன். மெதுவாகப் போய்யா, என்று நினைத்தார், நான் இருக்கிறேன், இன்றைக்கு நான் பொறுக்கிறேன். அப்படி நினைத்தபோது ஒரு சுகம் இருந்தது. அந்தச் சுகத்தையும் நம்ப முடியவில்லை. அவனுக்குக் கொடுக்கிற சுகமா, கொடுக்கிறவனாக இருக்கிற சுகமா? கடைசி ஞாயிற்றில், இனி எடுக்க ஒன்றும் இல்லாத ஞாயிற்றில், கொடுக்கிறவன்.

அறிவிப்புகள் நீண்டன. யார் யாருக்கோ நடக்கப்போகிற கல்யாணத்துக்கு, தடை இருந்தால் சொல்லலாம் என்று ஓலை வாசித்தார்கள். ஒன்பது முப்பத்தாறுக்குக் கடைசிப் பாட்டு எழும்பி, முப்பத்தொன்பதுக்கு ஒலிபெருக்கி கர்ரென்று இழுத்து நின்றது. வாசலுக்கு வர இரண்டு நிமிஷம், போனை உசுப்ப ஒரு நிமிஷம். ஒன்பது நாற்பத்திரண்டுக்கு அடித்தார். முழு மணிகூட ஒலிக்கவில்லை.

"சொல்லுங்க அண்ணாச்சி."

பின்னால் கூட்டத்தின் சத்தம் இல்லை. ஒரு மின்விசிறி மட்டும் கடகடத்தது. "பூசை முடிஞ்சிட்டாப்பா?" என்றார்.

"பூசைக்கு நான் போகலை அண்ணாச்சி. கடைசி ஞாயிறு, முறையும் எனக்கு. எட்டு மணியிலருந்து போனைக் கையில வச்சிக்கிட்டுக் கட்டில்ல உக்காந்திருக்கேன். வீட்டுக்காரி பிள்ளையைக் கூட்டிக்கிட்டுப் போயிட்டா. எட்டு அம்பத்திரண்டுக்குச் செய்தியைப் பாத்தேன். அம்பத்தஞ்சுக்கு அடிப்பியன்னு பாத்தேன். ஒம்பது ஆச்சு. ஒம்பதேகால் ஆச்சு. கொம்பையா கேட்டான், அதுக்கும் நீங்க பதில் சொல்லலை. சரி, கூப்பிடாமலே எடுத்துக்கிட்டீங்கன்னு நெனச்சேன்."

"இல்லைய்யா, இல்லை. நீ கோயில்ல இருப்பேன்னுதான் பொறுத்தேன். பாட்டு முடியட்டும்னு..." சொல்லச் சொல்லவே சொற்கள் எங்கே போய் இடிக்கின்றன என்று அவருக்குத் தெரிந்தது. நிறுத்த முடியவில்லை, சொல்லி முடித்தார்.

"ஓ," என்றான் பெர்க்மான்ஸ். "அப்ப பொறுக்கலாம் போல."

சுவரில் வாலறுந்த ஒரு பல்லி. அதன் வால் இருந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். ஏதாவது சொல்ல வேண்டும். அவரிடம் இருந்தது எண்ணிக்கை மட்டும்தான். "இருபத்து மூணு ஞாயிறு, பெர்க்மான்ஸ்" என்றார். குரல் வேறு யாருடையதோ போல் இருந்தது. "தெரிஞ்சுதான் அடிச்சேன். எல்லாம் தெரிஞ்சுதான்."

"இருபத்து நாலு."

"இல்லைய்யா. நோட்டுல இருக்கு. இருபத்து..."

"நோட்டுல இருக்காது அண்ணாச்சி. எங்கப்பாவை அடக்கம் பண்ணுன அன்னைக்கு. அதுவும் ஞாயிறு, என் முறை. அன்னைக்கு நீங்க அடிக்கவே இல்லை."

அவருக்கு நினைவு வந்தது. சாவு வீட்டில் இருக்கிறவனை எப்படிக் கூப்பிடுவது என்று, யாரிடமும் கேட்காமல், இரக்கப்பட்டு, தம் பெயரைக் கொடுத்துவிட்டு இரண்டு மணி ஷிப்டுக்குப் போனார். நாலு மணி அடக்கத்துக்குக் கொம்பையா கையில் மாலை கொடுத்து அனுப்பினார். ஒன்பது வருஷத்தில் தாம் செய்த நல்லதுகளில் ஒன்று என்று அதை எங்கேயோ வேறு பக்கத்தில் வைத்திருந்தார். "அன்னைக்கு உனக்கு எப்படிய்யா போன் போடுவேன்?" என்றார்.

"போட்டிருக்கணும் அண்ணாச்சி. வேண்டாம்னு நாந்தான சொல்லணும்."

அவன் போனை வைத்துவிடவில்லை. தெருவில் பூசை விட்டு வருகிறவர்களின் சைக்கிள் மணியும் பேச்சும் கேட்க ஆரம்பித்தன. சுயம்புலிங்கம் எழுந்து நின்றார், எதற்கு என்று தெரியாமல், நின்றுகொண்டே கேட்டார், ஒன்பது வருஷத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமைகூட அவனிடம் கேட்காததை:

"ரெண்டு மணி ஷிப்டுக்கு ஒரு ஆள் குறையுது, பெர்க்மான்ஸ். உன் முறை. வாரியா?"

"யோசிச்சுச் சொல்லுதேன்" என்றான் பெர்க்மான்ஸ். "பத்து மணி வரைக்கும் நேரம் இருக்குல்லா."

போன் அடங்கியது. ஒன்பது நாற்பத்தேழு. அவன் வேண்டாம் என்று சொன்னால் முறை யாருக்கு வரும் என்று அவருக்குத் தெரியும். நின்ற இடத்திலேயே நின்றார். திரை மங்கும்போதெல்லாம், அணைந்துவிடாதபடி விரலால் தொட்டுக்கொண்டே இருந்தார்.